பழைய பிக்கப்புக்கு வீட்டிலேயே கட்டிய சேசிஸ்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

என் கராஜில் நிற்பது 1952ஆம் வருட செவ்ரோலெட் 3100. 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த உருண்டை மூக்கு பிக்கப். வீல்பேஸ் 116 அங்குலம், முன்னால் ஐ-பீம் ஆக்சில், நாலு மூலைக்கும் லீஃப் ஸ்பிரிங், குழாய்க்குள் மூடி ஓடும் டிரைவ் ஷாஃப்ட். அந்தச் சேசிஸை ஓரங்கட்டிவிட்டு 2க்கு 4 அங்குல இரும்புக் குழாயில் புதிதாக ஒன்று கட்டினேன். முன்னால் மஸ்டாங் டூ (எழுபதுகளில் வந்த ஃபோர்டு கார்) வகை சஸ்பென்ஷன், பின்னால் ஃபோர்டு 9 அங்குல ஆக்சில் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தின் விட்டம் அது). அமெரிக்காவில் வீட்டில் சேசிஸ் கட்டுபவர்களில் பலர் வந்து சேரும் கூட்டணி இது. கட்டும்போது நான் செய்யாத தப்பு இல்லை. அதன் பிறகு இங்கே டெக்ஸஸில் இதே பைத்தியம் பிடித்த நண்பர்கள் நாலைந்து பேரின் வண்டிக்கு அடியிலும் படுத்து எழுந்தாயிற்று. ஆள் மாறுகிறார்களே தவிர கோளாறு மாறுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னதையே சொல்லி வாய் வலித்ததால் இதை எழுதி வைக்கிறேன்.

ரோட்டில் தெரியும் கோளாறில் முக்கால்வாசி, முதல் டேக் (துண்டுகளைத் தற்காலிகமாகப் பிடிக்க வைக்கும் சின்னப் புள்ளி வெல்டு) வைப்பதற்கு முன்பே கராஜ் தரையில் பிறந்துவிடுகிறது. அதனால் எந்தக் கோளாறானாலும் முதலில் டேப்பை எடுங்கள், கடைசியில் கிரைண்டரை எடுங்கள்.

வேண்டிய சாமான்: 25 அடி டேப், தூக்குக் குண்டு, சாக் நூல், ரசமட்டம், டிஜிட்டல் கோணமானி ஒன்று, நல்ல ஜாக் ஸ்டாண்டு நாலு. அளவை நான் நூலில்தான் சொல்வேன். நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வளர்ந்த கை. எட்டு நூல் ஓர் அங்குலம்.

## மூலைவிட்டம் சேரவில்லை

முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு ஓர் அளவு, எதிர் மூலைகளுக்கு இன்னோர் அளவு. இரண்டும் ஒரு நூலுக்குள் இருந்தால் வேலையைத் தொடருங்கள். அதற்கு மேல் போனால்:

அளந்த இடம் சரியா? குழாயின் வெட்டு முனையிலிருந்து அளப்பவர்கள்தான் அதிகம். வெட்டே கோணலாக இருக்கலாம். இரண்டு ரெயிலிலும் (சேசிஸின் நீளவாட்டுச் சட்டங்கள்) ஒரே இடத்தில் பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளுக்கு நடுவே அளங்கள். டேப் நடுவில் தொங்கினாலும் தப்பு வரும். புள்ளிகளிலிருந்து தூக்குக் குண்டு விட்டு, தரையில் சாக்கால் குறித்து, தரையிலேயே அளப்பது இன்னும் நல்லது.

டேக் மட்டுமா, முழு வெல்டா? டேக் நிலையில் இருந்தால் அதிர்ஷ்டம். நீளமாக இருக்கும் மூலைவிட்டத்தில் ராட்செட் பட்டை போட்டு இறுக்குங்கள். ஒரு நூல் தாண்டி இழுத்து விட்டால் திரும்பி வந்து சரியாக நிற்கும். வரவில்லை என்றால் ஒரு குறுக்குச் சட்டத்தின் (கிராஸ்மெம்பர்) டேக்கை அறுத்துவிட்டு மறுபடி இழுங்கள்.

முழு வெல்டு வைத்த பிறகு என்றால் குறுக்குச் சட்டத்தின் ஒரு பக்கத்தையே முழுதாக ஓட்டியிருப்பீர்கள். வெல்டு ஆறும்போது சுருங்கும், தன் பக்கம் இழுக்கும். மூன்று நூல் வரை கோணல் என்றால் ஒரு குறுக்குச் சட்டத்தை அறுத்து எடுத்து, இழுத்துச் சேர்த்து, மறுபடி வெல்டு வைக்கலாம். அதற்கு மேல் என்றால் ஃபிரேம் நிமிர்த்தும் மேஜை உள்ள கடைதான். ஜாக்கும் சங்கிலியும் வைத்து மரத்தில் கட்டி இழுக்கும் வீரச்செயல் வேண்டாம். நான் ஒருமுறை இழுத்தேன். சங்கிலிக் கொக்கி தெறித்துப் போய் பக்கத்து வீட்டு வேலியில் விழுந்தது. அது விழுந்த இடத்தில் ஆள் நிற்கவில்லை என்பதற்காக இன்றும் சாமிக்கு நன்றி சொல்கிறேன்.

## நாலு ஸ்டாண்டில் வைத்தால் ஒரு மூலை ஆடுகிறது

போன மாதம் ஒரு தம்பி கூப்பிட்டான். சேலத்துப் பையன். குரலிலேயே அழுகை.

"அண்ணா, சேசிஸ் முறுக்கிக்கிச்சுங்ணா. கிராஸ்மெம்பர வெட்டிரட்டுமா?"

"கிரைண்டரக் கீழ வை மொதல்ல. முன்னாடி ரெண்டு ஸ்டாண்டயும் எடம் மாத்திப் போட்டுப் பாரு."

பத்து நிமிடம் கழித்து மறுபடி போன். ஆட்டம் இடம் மாறிவிட்டது. சேசிஸில் ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டாண்டின் பல் ஒரு படி கீழே உட்கார்ந்திருந்தது.

ஸ்டாண்டை மாற்றியதும் ஆட்டம் கூடவே மாறினால் கோளாறு ஸ்டாண்டில். அதே மூலையில் நின்றால் அடுத்தது தரை. இங்கே கராஜ் தரையை மட்டமாக ஊற்றுவதில்லை. தண்ணீர் வெளியே வழிய வாசல் பக்கம் சரிவு கொடுத்துத்தான் ஊற்றுவார்கள். வழக்கமாக அடிக்கு ஒரு நூல். பத்து அடிச் சேசிஸில் முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றேகால் அங்குல வித்தியாசம். தரையையே மட்டம் என்று நம்பி உயரம் அளந்தால் கணக்கு மொத்தமும் பொய். தரையை மறந்துவிட்டு, ஸ்டாண்டின் மேல் தகடு வைத்து ஒவ்வொரு மூலையையும் ரசமட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

தரையும் சரி என்றால் முறுக்கை அளந்துவிட வேண்டியதுதான். முன் முனையிலும் பின் முனையிலும் ரெயிலுக்குக் குறுக்கே நேரான கம்பி ஒன்றை வைத்து, இரண்டின் மேலும் கோணமானியை வையுங்கள். இரண்டும் கால் டிகிரிக்குள் ஒத்துப்போனால் விடுங்கள். அரை டிகிரியைத் தாண்டினால் அது நிஜ முறுக்கு. டேக் நிலையில் எதிர்ப்பக்கம் எடை ஏற்றி, டேக்கை உடைத்துச் சரிசெய்யலாம். வெல்டு முடிந்த பெட்டிக் குழாய் வீட்டில் நிமிராது. அதன் பிடிவாதத்துக்காகத்தானே அதை வாங்கினோம்.

பழைய சி-சேனல் ரெயிலையே வைத்துக்கொண்டு உள்பக்கம் தகடு மூடுபவர்களுக்கு இந்த முறுக்கு கூடவே வரும். ஒரு அங்குலம் வெல்டு, ஆறு அங்குலம் தள்ளி இன்னொரு அங்குலம், பிறகு எதிர் ரெயில். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாளில் முடிக்க நினைத்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும்.

## வெல்டில் ஓட்டை, விரிசல்

ஓட்டை ஓட்டையாக இருந்தால். மே மாத வெயில், கராஜுக்குள் நிற்க முடியவில்லை. பெடஸ்டல் ஃபேனைப் போட்டுவிட்டு மிக் வெல்டு ஓட்டினேன். முகமூடியைத் தூக்கிப் பார்த்தால் வெல்டு முழுக்க ஆப்பம். வெல்டை மூடிக் காக்கும் கேஸை ஃபேன் காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. ஃபேனை நிறுத்துவதற்குக் காசு ஆகாது. அதற்கும் சரியாகவில்லையா, சிலிண்டர் திறந்திருக்கிறதா, நாசில் அடைத்திருக்கிறதா, கேஸ் ஓட்டம் மணிக்கு 20 முதல் 25 கன அடி வரை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரும்பு: புதுக் குழாயின் மேல் இருக்கும் கறுப்புத் தோலைத் தேய்த்து வெள்ளை இரும்பு தெரிந்த பிறகுதான் வெல்டு. ஒரு எச்சரிக்கை, விளையாட்டில்லை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த இடத்தில் வெல்டு வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் விஷவாயு வரும். அசிட்டோன் போதும், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகு, டப்பாவை வெளியே வைத்துவிட்டு.

பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் சந்தேகமாக இருந்தால். இதுதான் ஆபத்தானது. வீட்டில் 120 வோல்ட் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு மெல்லிய தகடு பழக்கம். சேசிஸ் குழாயின் சுவர் ஒன்றரை நூல் கனம். அந்தச் சின்ன மெஷின் மேலே அழகாகப் பூசும், உள்ளே பிடிக்காது. அதே கனத்தில் இரண்டு துண்டை எடுத்து டி வடிவில் ஒரு பக்கம் மட்டும் வெல்டு வையுங்கள். வைஸில் பிடித்துச் சுத்தியலால் வெல்டு இருக்கும் பக்கமாகவே மடக்குங்கள். இரும்பு வளைந்தால் வெல்டு பிடித்திருக்கிறது. வெல்டு பொருக்காகப் பெயர்ந்து வந்தால் உங்கள் சேசிஸிலும் அதே பொருக்குதான். 240 வோல்ட் மெஷின், இஆர்70எஸ்-6 வயர், முக்கால் பங்கு ஆர்கானும் கால் பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸ் என்று மாறுங்கள்.

ஓடிய பிறகு விரிசல் வந்தால் விரிசல் வெல்டின் நடுவிலா, ஓரத்திலா என்று பாருங்கள். ஓரத்தில் என்றால் பெரும்பாலும் ரெயிலுக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரே கோடாக வெல்டு வைத்த இடம். வளையும்போது பாரம் மொத்தமும் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். ரெயிலை ஒட்டுப்போடுவதாக இருந்தால் 45 டிகிரி சாய்த்து வெட்டி ஒட்டி, மேலே வைரத் துண்டு வடிவில் தகடு வைத்து மூடுவதுதான் வழி. விரிசலின் மேலேயே இன்னொரு வெல்டு பூசுவது மருந்தாகாது. நுனியில் சின்னத் துளை போட்டு நிறுத்தி, முழுக்கக் குடைந்து எடுத்து, அப்புறம்தான் நிரப்ப வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: முன் கிராஸ்மெம்பர், ஸ்டியரிங் ராக் (முன் சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டு) பிராக்கெட், பின் லிங்க் (பின் ஆக்சிலைப் பிடிக்கும் தண்டு) பிராக்கெட். இந்த மூன்றில் உங்கள் வெல்டு மேல் உங்களுக்கே துளி சந்தேகம் வந்தால் போதும். எல்லாவற்றையும் டேக் வைத்து, அளந்து, டிரெய்லரில் ஏற்றிச் சான்றிதழ் பெற்ற வெல்டரிடம் கொண்டு போங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு நாள் கூலி. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

## வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

முதல் காரணம் பலருக்கும் தெரியாதது, செலவே இல்லாதது: சேசிஸ் ஸ்டாண்டில் தொங்கும்போது ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) சுழலும் புஷ் போல்ட்டுகளை இறுக்கிவிடுவது. ரப்பர் புஷ் அந்தத் தொங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். கீழே இறக்கியதும் ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதுவும் முறுக்கித் தள்ளும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தள்ளாது. வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, எல்லா புஷ் போல்ட்டையும் தளர்த்தி, நாலு தடவை அமுக்கிக் குலுக்கி, அந்த நிலையில் இறுக்குங்கள்.

அடுத்து ஸ்பிரிங். மஸ்டாங் டூ காயில் ஸ்பிரிங்கின் வால் முனை அதன் குழியில் உட்காராமல் மேலே ஏறி நின்றால் அந்தப் பக்கம் அரை அங்குலம் தூக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். இடது ஸ்பிரிங்கை வலதுக்கு மாற்றிப் பாருங்கள். சாய்வும் இடம் மாறினால் ஸ்பிரிங்தான்.

மாறவில்லை என்றால் ஸ்பிரிங் கோப்பையின் உயரத்தை ரெயிலின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் அளங்கள். இரண்டு நூல் வித்தியாசம் என்றால் ஷிம் (இடைவெளியை நிரப்பும் தகட்டுத் துண்டு) வைத்துத் தப்பிக்கலாம். அதற்கு மேல் என்றால் கோப்பையை வெட்டி மறுபடி வைக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் மேலே சொன்ன முறுக்குச் சோதனைக்குத் திரும்பிப் போங்கள், வேறு வழியில்லை.

## ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்கவில்லை

இதில் மூன்று கோளாறு கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்க்காமல் அலைன்மென்ட் கடைக்குப் போனால் காசுதான் போகும்.

ஒரே பக்கம் இழுக்கிறது. முதலில் டயர் காற்று. பிறகு முன் டயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் டயர். அமெரிக்க ரோடு தண்ணீர் வடிய வலது ஓரத்துக்குச் சரிந்திருக்கும், லேசாக வலது பக்கம் ஒதுங்குவது நோய் இல்லை. காலி பார்க்கிங் இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அடுத்து, ஐந்து மைல் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் காட்டுங்கள் (தொடாதீர்கள்). ஒன்று மட்டும் அனலடித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவை எல்லாம் சரி என்றால் கோணம். காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் பார்த்தால் பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைவாக இருக்கும் பக்கம் வண்டி இழுக்கும். கேம்பர் மேல்பக்கம் வெளியே அதிகம் சாய்ந்திருக்கும் பக்கமும் இழுக்கும். கடைசியாக, முன் ஹப் நடுவிலிருந்தும் பின் ஹப் நடுவிலிருந்தும் தூக்குக் குண்டு விட்டு இரண்டு பக்க வீல்பேஸையும் அளங்கள். இரண்டு நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின் ஆக்சில் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது. நேரே போகும்போது ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும். பின்னால் வருபவனுக்கு வண்டி நாய் ஓடுவது மாதிரி சைடு வாங்கிப் போவது தெரியும். லீஃப் ஸ்பிரிங் என்றால் சென்டர் போல்ட் அதன் குழியில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மிதக்கிறது, கையை எடுத்தால் நேரே வருவதில்லை. இதுதான் வீட்டில் கட்டியவர்களின் தேசிய நோய். காரணம் தொண்ணூறு சதவீதம் காஸ்டர். சேசிஸை மட்டமாக வைத்து, சஸ்பென்ஷன் கிட்டோடு வந்த தாளில் சொன்ன கோணத்தில் கிராஸ்மெம்பரை வெல்டு வைத்திருப்பீர்கள். ஆனால் வண்டியை முடித்து இறக்கும்போது முன்னால் தாழ்ந்து, பின்னால் உயர்ந்து நிற்க வேண்டும் என்று ஆசை. அழகாகத்தான் இருக்கும். 116 அங்குல வீல்பேஸில் முன்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கினால் ஒரு டிகிரி காஸ்டர் போய்விட்டது என்று அர்த்தம். நாலு அங்குலம் இறக்கினால் இரண்டு டிகிரி. தாளில் மூன்று டிகிரி காஸ்டர் கொடுத்திருந்தான் என்றால் மிச்சம் ஒன்று.

சோதனை: வண்டியை அதன் நிஜமான நிலையில், மட்டமான தரையில் நிறுத்தி, ரெயிலின் மேல் கோணமானியை வையுங்கள். ரெயில் முன்னோக்கி எத்தனை டிகிரி சரிந்திருக்கிறதோ அத்தனையும் காஸ்டரில் கழிந்தது. கராஜ் சரிவிலேயே நின்று அளந்தால் இன்னும் அரை டிகிரிக்கு மேல் தப்பு கூடும். இதைத்தான் முன்பே சொன்னேன்.

மேல் ஆர்மை அதன் ஸ்லாட்டில் பின்னால் தள்ளுவது முதல் மருந்து, காசில்லை. ஒரு டிகிரி, அதிகம் போனால் ஒன்றரை கிடைக்கும். போதவில்லை என்றால் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். அதற்கும் மனசு வரவில்லை என்றால் கிராஸ்மெம்பரை அறுத்து எடுத்துச் சாய்த்து வைக்க வேண்டும். என் வண்டியில் நான் அதைத்தான் செய்தேன், ஒரு முழு மாதம் போயிற்று. இனிமேல் கட்டப்போகிறவர்கள், முடிந்த வண்டி எந்தச் சரிவில் நிற்குமோ அதே சரிவில் சேசிஸை ஸ்டாண்டில் வைத்து, அதன் பிறகு கிராஸ்மெம்பரைத் தொடுங்கள்.

டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) பற்றி ஒரு வரி: முன்பக்கம் அரை நூலிலிருந்து ஒரு நூல் வரை உள்வாங்கி இருந்தால் போதும். சாக் நூலை இழுத்துக் கட்டி வீட்டிலேயே அளந்து வைக்கலாம். காஸ்டர், கேம்பர் கடைசி அளவுக்கு மட்டும் கடைக்குப் போங்கள். போகும்போது எத்தனை டிகிரி வேண்டும் என்று சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் உங்கள் சேசிஸ் கிடையாது.

குழியில் இறங்கினால் வீல் தானே திரும்புகிறது. சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது டை ராடும் (ராக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு) கீழ் ஆர்மும் ஒரே வட்டத்தில் போகவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் நேரான பலகையைக் கட்டி, அதில் லேசர் பாயிண்டரை ஒட்டி எதிர்ச் சுவரில் அடியுங்கள். ஜாக்கால் மேலே இரண்டு அங்குலம், கீழே இரண்டு அங்குலம். புள்ளி நேராக ஏறி இறங்கினால் சரி. பக்கவாட்டில் ஓடினால் கோளாறு. ராக் உயரம்தான் தப்பு என்றால் ஷிம் தீர்த்துவிடும். ராக்கின் உள் மூட்டுகளுக்கு நடுவே உள்ள அகலமே ஆர்மோடு பொருந்தவில்லை என்றால் ராக்கை மாற்றியாக வேண்டும். ஸ்பிண்டில் ஆர்மைச் சுட்டு வளைப்பதோ டை ராடை வெட்டி வெல்டு வைப்பதோ கூடவே கூடாது. அப்படிச் செய்த வண்டியில் நான் உட்கார மாட்டேன்.

## அதிர்வு

எப்போது அதிர்கிறது என்பதுதான் கேள்வி. பயணியாக ஒருவரை உட்கார வைத்து வேகத்தைக் குறிக்கச் சொல்லுங்கள்.

*நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது குலுங்கி, வேகம் பிடித்ததும் அடங்கினால்* பினியன் (பின் ஆக்சிலில் டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரம்) கோணம். *50 மைலுக்கு மேல் வந்து, நியூட்ரலில் விட்டாலும் அதே வேகத்தில் அதே அதிர்வு என்றால்* டயர் அல்லது டிரைவ் ஷாஃப்ட் பேலன்ஸ். *நின்ற வண்டியில் என்ஜினை மட்டும் ஏற்றினாலே அதிர்ந்தால்* என்ஜின் மவுண்ட்; சேசிஸைத் திட்டாதீர்கள்.

பினியன் கோணத்தை வண்டி தன் எடையில் நிற்கும்போது மட்டும் அளங்கள். கியர்பாக்ஸ் வெளியீட்டில் ஒரு கோணம், ஷாஃப்டில் ஒன்று, பினியன் யோக்கில் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) ஒன்று. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள ஒவ்வொரு யு-ஜாயின்ட்டும் ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் வேலை செய்ய வேண்டும், இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகவும் எதிராகவும் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் மூன்று டிகிரி கீழே பார்த்தால் பினியன் மூன்று டிகிரி மேலே பார்க்கும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் மேலே எழும்பும். அதற்காக ஒன்று இரண்டு டிகிரி தாழ்த்தியே வையுங்கள். "எல்லாவற்றையும் நேர்கோட்டில் வைத்துவிட்டேன், கோணமே இல்லை" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். பூஜ்யமும் தப்புதான், ஜாயின்ட் உள்ளே ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் குத்தி நிற்கும்.

சரிசெய்ய: லிங்க் வகை என்றால் லிங்கைத் திருகினால் முடிந்தது. லீஃப் என்றால் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம். இரண்டு மூன்று டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் ஆக்சிலில் ஸ்பிரிங் உட்காரும் மேடையை வெட்டி எடுத்து மறுபடி வைக்க வேண்டும். ஆக்சில் குழாயில் அதிகச் சூடு போனால் குழாயே வளையும். இதையெல்லாம் தவிர்க்க, என்ஜினும் கேபினும் ஏறும்வரை அந்த மேடைக்கு டேக் மட்டுமே வையுங்கள்.

ஷாஃப்டின் இரண்டு முனை யோக்குகளும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்லிப் யோக் (ஷாஃப்டின் முன்பின் நகரும் முனை) கியர்பாக்ஸுக்குள் முட்டாமல் முக்கால் அங்குலமாவது இடம் விட்டிருக்க வேண்டும். பேலன்ஸ் சந்தேகம் வந்தால் நேரே டிரைவ் ஷாஃப்ட் கடை. வீட்டில் ஹோஸ் கிளாம்ப் மாட்டிப் பேலன்ஸ் செய்வதைப் பார்த்திருக்கிறேன். சில சமயம் வேலை செய்யும், நான் நேரம் வீணாக்க மாட்டேன்.

பின்னால் "டொம்" என்று ஒரு சத்தம் மட்டும் பள்ளத்தில் வந்தால் ஆக்சில் ரெயிலில் இடிக்கிறது. ரெயிலின் அடியில் கொஞ்சம் கிரீஸ் பூசி ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், தடம் சொல்லிவிடும். பம்ப் ஸ்டாப் (இடியைத் தாங்கும் ரப்பர் முட்டு) இல்லையா, போடுங்கள். இடமே இல்லையா, ரெயிலை வளைவாக வெட்டி வலுத்தகடு வைக்க வேண்டும். இது மறுபடி வெல்டர் வேலை.

## பிரேக் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது

காலிப்பரில் காற்று விடும் திருகு மேல்பக்கம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். இடது காலிப்பரை வலதில் மாட்டினால் திருகு கீழே வந்துவிடும். லிட்டர் லிட்டராக ஆயில் ஊற்றினாலும் காற்று மேலேயே நிற்கும். இரண்டு வண்டியில் பார்த்துவிட்டேன், ஒன்று என்னுடையது.

திருகு சரி என்றால் மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இந்தப் பழைய பிக்கப்புகளில் அது தரைப் பலகைக்கு அடியில், பெடலோடு. டிஸ்க் போட்டால் காலிப்பர் அதைவிட உயரமாக இருக்கும், நிறுத்தி வைத்தால் ஆயில் மெல்ல பின்வாங்கும். காலையில் முதல் மிதி தரைக்குப் போகும், இரண்டாவது மிதியில் நிற்கும். இதற்கு ரெசிடுவல் வால்வு (லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது): டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ, டிரம் லைனுக்கு 10 பிஎஸ்ஐ. மாற்றிப் போட்டால் முன் பிரேக் ஒட்டிக்கொண்டு வெந்துபோகும். ஸ்டியரிங் பகுதியில் சொன்ன அனலடிக்கும் சக்கரத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பெடலை மிதித்துப் பிடித்தால் மெதுவாகக் கீழே போகிறதா? கசிவு தேடுங்கள். வெளியே ஈரம் இல்லை என்றால் மாஸ்டர் உள்ளே கசிகிறது, மாற்றுங்கள். பெடல் கல் மாதிரி இருந்து வண்டி நிற்காவிட்டால் பெடலின் நெம்பு விகிதம்: பூஸ்டர் இல்லாததற்கு ஏறக்குறைய 6க்கு 1, பூஸ்டர் உள்ளதற்கு 4க்கு 1. இதற்குப் பிறகும் பிரேக் மேல் சந்தேகம் மிச்சம் இருந்தால் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயல வேண்டாம். டிரெய்லரில் கொண்டு போங்கள்.

## புது பேட்டரி, ஆனாலும் ஸ்டார்ட்டர் திணறி இழுக்கிறது

சேசிஸை பவுடர் கோட்டிங் கொடுத்து வாங்கி வந்தீர்களா? அப்படியானால் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பூச்சில் கரண்ட் போகாது. கேபினும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து பேட்டரி மைனஸிலிருந்து என்ஜின் பிளாக்குக்கு நேரே பிடியுங்கள். சட்டென்று சுற்றினால் எர்த் இல்லை என்று பொருள். என்ஜினுக்கும் சேசிஸுக்கும் ஒரு பின்னல் பட்டை, சேசிஸுக்கும் கேபினுக்கும் ஒன்று. போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டி இரும்பு தெரிய வைக்க வேண்டும். ஹெட்லைட் மங்கல், பெட்ரோல் முள் பொய் சொல்வது, எல்லாம் இதோடு போய்விடும். பட்டை போட்ட பிறகும் இழுத்தால்தான் ஸ்டார்ட்டரைக் கழற்றுவது.

## கேபின் ஏற்றியதும் கதவு மூடவில்லை

ஏற்றும் முன் மூடிய கதவா? அதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கேபின் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். எந்த மவுண்டில் இடைவெளி விழுகிறது என்று விரலை விட்டுப் பாருங்கள். அங்கே ஷிம் வைத்து, கதவின் மேல் இடுக்கும் கீழ் இடுக்கும் ஒன்றாகும்வரை ஒரு நூல் ஒரு நூலாக ஏற்றுங்கள். கீல் பக்கத்தைத் தொடுவது அதற்குப் பிறகுதான். தளர்த்தியும் மூடாவிட்டால் கேபினே துருப்பிடித்துத் தொங்கியிருக்கிறது. அது தகட்டு வேலைக்காரர் பார்க்க வேண்டியது.

## வண்டி ஓடுகிறது, காகிதம் ஓடவில்லை

பழைய சேசிஸ் போனால் அடையாளம் போய்விடுமோ என்ற பயம் சரியானதே. இந்த மாடலுக்கு எண் தகடு டிரைவர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும். அந்தக் காலத்தில் பல மாநிலங்கள் என்ஜின் எண்ணை வைத்தே பதிவு செய்திருக்கின்றன; என்ஜினையும் மாற்றிவிட்டு, காகிதத்தில் இருப்பது எந்த எண் என்று பார்க்காமல் பழைய என்ஜினை விற்றுவிடாதீர்கள். தகட்டைப் பிடுங்கி வேறு வண்டியில் ஒட்டுவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். குழாயை வெட்டுவதற்கு முன்பே உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இதை அப்படியே அங்கே செய்ய முடியாது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து பதிவுப் புத்தக விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சித்தப்பாவின் பழைய ஜீப் மேல் கண் வைத்திருப்பவர்கள் முதலில் ஆர்டிஓ ஆபீஸ் படி ஏறுங்கள்.

என் வண்டியின் தகட்டில் எழுத்து தேய்ந்து பாதிதான் தெரிகிறது. பெயிண்டர் வருகிறார் என்றால் முதல் வேலையாக அதன் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் கராஜ் கதவைத் திறக்கிறேன்.